ஆளறிந்து பணியளித்த அறிஞர் ஹோமி பாபா

ஒரு நிலையத்தைப் புதிதாக அமைக்கப் புகுவோர் முதலிற் செய்யுங் காரியம் யாது? நிலம் தேடுவர், கட்டிடம் எழுப்புவர், பணிப்பாளர் ஒருவர், உதவிப் பணிப்பாளர் இருவர், எழுதுவினைஞர் இத்துணையர் எனப் பட்டியல் வகுப்பர், ஒவ்வோர் ஆசனத்துக்கும் இவ்வளவு சம்பளம் என வரையறுப்பர், அதன் பின்னரே அவ்வாசனங்களில் அமர்வதற்கு ஆட்களைத் தேடி விளம்பரஞ் செய்வர். அரசாங்கங்கள் பெரும்பாலும் செல்லும் வழி இதுவேயாம். தபாற் கந்தோருக்கும் சுங்கப் பகுதிக்கும் இவ்வழி ஏற்றதே. ஆனால், இதுவரை எவரும் அறியாத ஒன்றை அறிந்து கூறுவதையே தொழிலாகக் கொண்ட ஆராய்ச்சி நிலையத்துக்கும் இவ்வழி பொருந்துமா? இவ்வினாவை நெடுங்காலம் நெஞ்சிற் கொண்டு, அதற்குச் சொல்லினும் மிகுதியாகச் செயலால் விடை பகர்ந்த பெருமகன் ஒருவன் பாரத நாட்டிலே வாழ்ந்தான். அவனே ஹோமி ஜெகாங்கீர் பாபா.

பாபாவை இந்திய அணுசக்தித் துறையின் தந்தை என உலகம் அறியும். அணு உலைகளும் மின் நிலையங்களும் அவர் பெயரை நிலைநிறுத்துகின்றன. ஆயின், அவ்வுலைகளைச் சமைத்த மனிதரை அவர் எவ்வாறு கண்டெடுத்தார், எவ்வாறு பேணினார், எவ்விதிகளால் ஆண்டார் என்பதைச் சிந்திப்போர் சிலரே. அவர் வாழ்க்கையை அந்நோக்கிலே பார்ப்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பெரிதும் பயன் தருவதாகும்.

1909 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி பம்பாயிலே, செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்ந்த பார்சிக் குடும்பமொன்றில் ஹோமி பிறந்தார். பாட்டனார் மைசூர்ச் சமத்தானத்தின் கல்விப் பகுதித் தலைவராய் விளங்கியவர். தந்தையார் ஒக்ஸ்போர்டிற் பயின்ற வழக்கறிஞர். தந்தையின் சகோதரி, இரும்புத் தொழிலால் புகழ்பெற்ற டாட்டா குடும்பத்துச் சேர் டொராப்ஜியின் மனைவியாவார். வீட்டிலே நூல்நிலையம் இருந்தது. மேனாட்டுச் சங்கீதத்தின் இசைத்தட்டுகள் நிறைந்திருந்தன. ஓவியப் பயிற்சியும் கிடைத்தது. ஆகவே, விஞ்ஞானமும் கலையும் ஒரே வீட்டின் இரு வாயில்களாகவே அவருக்குத் தோன்றின. இவ்வியல்பு அவர் பிற்காலத்தில் அமைத்த நிலையங்களின் சுவர்களிலும் சோலைகளிலும் புலப்படுவதாயிற்று.

1927 இல் அவர் இங்கிலாந்து சென்று கேம்பிறிட்ஜ் பல்கலைக் கழகத்தில் எந்திரவியல் கற்கத் தொடங்கினார். பட்டம் பெற்றபின் ஜம்ஷெட்பூர் இரும்புத் தொழிற்சாலையில் உத்தியோகம் ஏற்கவேண்டும் என்பது குடும்பத்தாரின் எண்ணம். பதவி காத்திருந்தது, அதற்கு ஆளை ஆயத்தஞ் செய்வதே எஞ்சியிருந்தது எனலாம். ஆனால் மைந்தனின் மனமோ பௌதிகத்திற் படிந்துவிட்டது. எந்திரவியல் தமக்கு உகந்த துறையன்று என்றும், தம் இயல்புக்கு முரணான தொழிலில் ஒருவன் உயர்தல் அரிது என்றும் தந்தைக்குக் கடிதம் வரைந்தார். தந்தையார் வெகுளவில்லை. எந்திரவியலிற் சிறந்த சித்தி பெற்றால் மேலும் ஈராண்டுகள் கணிதம் பயிலப் பணம் தருவதாக வாக்களித்தார். 1930 இல் எந்திரவியலில் முதலாம் வகுப்பிற் சித்தியெய்திய ஹோமி, தந்தையார் வாக்கைக் காத்தமையால் கணிதமும் பயின்று, பௌதிக ஆராய்ச்சியிற் புகுந்தார். ஒருவரது இயல்பை அறிந்து அதற்கேற்ற பணியை அளித்தல் என்னும் பாடத்தை அவர் முதன்முதற் கற்றது தம் தந்தையிடமே என்று கொள்வதில் தவறில்லை.

அக்காலத்துக் கேம்பிறிட்ஜ் பௌதிக விஞ்ஞானத்தின் தலைநகராய் விளங்கிற்று. றதபோட் பிரபு கவென்டிஷ் ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கினார். டிராக் கணிதப் பௌதிகங் கற்பித்தார். பாபா 1935 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். இலத்திரனும் அதன் எதிர்த்துணிக்கையான பொசித்திரனும் மோதிச் சிதறும் முறையைக் கணித்து அவர் கண்ட முடிபு, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1937 இல் ஹைற்லர் என்னும் அறிஞரோடு சேர்ந்து, விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் வளிமண்டலத்திலே துணிக்கைப் பொழிவாகப் பெருகுவது எவ்வாறு என விளக்கினார். இவ்வாய்வுகள் அவரை உலகறியச் செய்தன.

1939 இல் விடுமுறைக்காகத் தாய்நாடு வந்திருந்த வேளையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்து திரும்பும் வழி அடைபட்டது. பெங்களூரிலிருந்த இந்திய விஞ்ஞான நிலையத்தில், திருச்சிராப்பள்ளி தந்த பேரறிஞர் சேர் சி. வி. இராமனின் பௌதிகப் பகுதியிலே பாபா சேர்ந்தார். 1941 இல், தமது முப்பத்தோராவது வயதிலே, இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். போர் முடிந்ததும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ நல்ல பல்கலைக் கழகமொன்றிற் பதவி ஏற்பதே அவரது முதல் நினைவாயிருந்தது. ஆயின், பெங்களூர் வாழ்க்கை அந்நினைவை மாற்றியது. நாட்டிலே திறமையுள்ள இளைஞர் பலர் இருப்பதையும், அவர்களை ஒருங்கு சேர்த்துத் தாங்குவதற்குத் தக்க நிலையம் இல்லாமையையும் அவர் கண்டார். தக்க மதிப்பும் பொருளுதவியுங் கிடைக்குமாயின் சொந்த நாட்டில் இருந்து ஆராய்ச்சி மரபொன்றை வளர்த்தலே கடமை என்னும் முடிபுக்கு வந்தார்.

1944 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, டொராப்ஜி டாட்டா அறநிதியத்தின் தலைவருக்கு அவர் ஒரு நெடுங்கடிதம் எழுதினார். அணுச்சக்தியை உலகம் நேரிற் காண்பதற்கு ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் இருந்தது. அத்தருணத்திலேயே, சில பத்தாண்டுகளில் அணுச்சக்தி மின்னாக்கத்துக்குப் பயன்படப் போகின்றது என்றும், அக்காலத்தில் இந்தியா நிபுணர்க்காகப் பிறநாடுகளை நோக்கி நிற்றல் ஆகாது என்றும், நிபுணரை ஆக்கும் பள்ளியை இப்பொழுதே தொடங்கவேண்டும் என்றும் எடுத்துரைத்தார். உலை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. எந்திரம் வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஆட்களை ஆக்கும் இடமே வேண்டும் என்று கேட்டார். அக்கடிதத்தின் உயிர்நிலை இதுவேயாகும்.

அறநிதியம் இசைந்தது. 1945 ஆம் ஆண்டு யூன் மாதம் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பெங்களூரிலே தோன்றியது. அவ்வாண்டு டிசம்பரிற் பம்பாய்க்குப் பெயர்ந்து, பாபா பிறந்த இல்லமான கெனில்வர்த் என்னும் மாளிகையின் ஒரு பகுதியில் இயங்கலாயிற்று. தொடக்க காலத்தில் அதற்குக் கிடைத்த ஆண்டு வருமானம், அறநிதியத்தின் கொடையும் அரசாங்கங்களின் உதவியும் சேர்ந்து, ஏறத்தாழ 80,000 ரூபாவே. பெரிய கட்டிடமில்லை, நீண்ட பதவிப் பட்டியலுமில்லை. தக்கவர் ஒருவர் கிடைத்தால் அவரைச் சுற்றி ஒரு பிரிவு வளரும். கிடையாவிடில் அப்பிரிவு தோன்றாது. வெற்றிடம் ஒன்று உளதே என்பதற்காகச் சாமானியர் ஒருவரை அமர்த்துவதிலும், அதனை வெற்றிடமாகவே விட்டுவைத்தல் நன்று என்பது பாபாவின் கொள்கை. தகுதி குறைந்த ஒருவரை உயர்பதவியில் அமர்த்தினால் அவர் தம்மினும் தாழ்ந்தவரையே தம்கீழ்ச் சேர்ப்பார். அப்பழுது முப்பதாண்டுகள் நீங்காது நிற்கும். ஆதலால், ஆட்சேர்ப்பிலே அவசரப்படுதல் அவருக்கு உடன்பாடன்று.

இக்கொள்கை எவ்வாறு பலித்தது என்பதற்குக் கணிதப் பகுதி ஒன்றே சான்றாகும். அமெரிக்காவிலே பிறின்ஸ்டன் உயர்கல்வி நிலையத்தில் இருந்த இளங் கணித அறிஞர் கே. சந்திரசேகரனை 1949 இற் பாபா அழைத்துக்கொண்டார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றவராகிய அவருக்குக் கணிதப் பகுதியை வளர்க்கும் பொறுப்பை முழுதும் ஒப்படைத்தார். பின்னர் கே. ஜி. இராமநாதன் வந்து துணையானார். இவ்விருவரும் இளைஞரைத் தேடித் தெரிந்து பயிற்றினர். அங்ஙனம் 1953 இல் வந்தவர்களே, சென்னை இலயோலாக் கல்லூரியிற் பயின்ற எம். எஸ். நரசிம்மனும், காஞ்சிபுரத்துச் சி. எஸ். சேஷாத்திரியும். தொண்டை நாட்டிற் பிறந்த இவ்விருவரும் சேர்ந்து 1965 இல் வெளியிட்ட தேற்றம் இன்றும் உலகக் கணித நூல்களில் அவர்தம் பெயர்களைத் தாங்கி நிற்கின்றது. அணுவுக்கும் அத்தேற்றத்துக்கும் அக்காலத்தில் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும், பயன் யாது என்று எவரும் அவர்களை விசாரிக்கவில்லை. திறமையை நம்பிப் பொருளளித்துப் பொறுத்திருத்தல் எத்துணை அரிய பண்பு என்பதை ஆசிரியத் தொழில் புரிவோர் நன்கறிவர்.

இனி, இதே காலத்தில் இந்தியாவிலே வேறொரு பேரறிஞர் வேறொரு வழியாற் சென்றார் என்பதையும் கூறுதல் முறை. அவர் சேர் சாந்தி சொரூப் பட்நாகர். 1942 இல் நிறுவப்பட்ட விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிப் பேரவையின் தலைவராக இருந்து, தேசிய ஆய்வுகூடங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பியவர் அவர். டில்லியிலே பௌதிக ஆய்வுகூடம், பூனாவிலே இரசாயன ஆய்வுகூடம், சென்னையிலே தோல் ஆராய்ச்சி நிலையம், வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையாற் காரைக்குடியிலே மின்இரசாயன நிலையம் என்றிவ்வாறு, 1955 இல் அவர் இறக்கும்போது பன்னிரண்டு நிலையங்கள் எழுந்திருந்தன. முதலிலே திட்டம், பின்னர்க் கட்டிடமும் பதவிகளும், அதன் பின்னர் ஆட்கள். இவ்வழியால் நாடு விரைவிலே பல துறைகளில் ஆராய்ச்சிசாலைகளைப் பெற்றது என்பதை எவரும் மறுத்தல் இயலாது. ஆயினும், பெருந்தொகையான பதவிகளை ஒரே காலத்தில் நிரப்பவேண்டியிருந்தமையாற் பல்கலைக் கழகங்களிலிருந்த நல்லாசிரியர் பலர் அவற்றை விட்டு நீங்கினர். ஆய்வுகூடங்களும் அரசாங்கக் கந்தோர்களின் நடைமுறைகளையே பெரிதும் பின்பற்றலாயின. பட்நாகரும் பாபாவும் பகைவரல்லர். 1948 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமைக்கப்பட்ட அணுசக்தி ஆணைக்குழுவிலே பாபா தலைவராக, பட்நாகரும், தென்பாண்டி நாட்டு வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் உடனிருந்தனர். அம்மூவரே அவ்வாணைக்குழுவின் உறுப்பினர்.

1954 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3 ஆந் திகதி அணுசக்திக்கெனத் தனித் துறையொன்று அமைந்தபோது பாபாவே அதன் செயலாளரானார். அத்துறை பிரதம மந்திரி ஜவகர்லால் நேருவின் நேர்ப்பொறுப்பில் இருந்தது. அதன் தலைமையகம் டில்லியிலன்றிப் பம்பாயிலேயே அமைந்தது. இஃது இடவசதி கருதி மட்டும் செய்யப்பட்டதன்று. விஞ்ஞானியின் ஒவ்வொரு தேவையும் கோப்பாகி, மேசைக்கு மேசை ஊர்ந்து, நிதிப்பகுதியின் வினாக்களுக்கு விடைகூறி மீளுமாயின், ஆராய்ச்சி அவ்வளவில் மடிந்துவிடும் என்பதைப் பாபா உணர்ந்திருந்தார். 1958 இல் ஆணைக்குழு திருத்தியமைக்கப்பட்டபோது அதற்கு நிருவாக அதிகாரத்தோடு நிதி அதிகாரமும் அளிக்கப்பட்டது. பணத்துக்குப் பொறுப்பான ஒருவரும் அக்குழுவிலேயே உறுப்பினராயினார். வாயிலிலே நின்று தடுப்பவரை உள்ளே அழைத்து அருகிலே இருத்திக்கொள்ளும் விவேகம் இதுவாகும்.

பம்பாயை அடுத்த துறொம்பேயில் எழுந்த அணுசக்தி நிலையத்தை நேரு 1957 ஆம் ஆண்டு சனவரியில் முறைப்படி திறந்துவைத்தார். அதற்கு முன்னரே, 1956 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4 ஆந் திகதி, அப்ஸரா என்னும் அணு உலை அங்கே இயங்கத் தொடங்கிவிட்டது. எரிபொருள் இங்கிலாந்திலிருந்து வந்ததேயாயினும் உலையை அமைத்தவர் இந்திய விஞ்ஞானிகளும் எந்திரவியலாளருமே. இவர்களுட் பலர் டாட்டா நிலையத்திலே சிறு சிறு குழுக்களாகத் தொடங்கி வளர்ந்தவர். நாற்றங்காலில் முளைத்துத் தேறிய நாற்றை எடுத்து வயலில் நடுதல் போன்றதே பாபாவின் முறை. அணுக்கருப் பௌதிகத்துக்கு ராஜா ராமண்ணா, இரசாயன எந்திரவியலுக்கு ஹோமி சேத்னா, மின்னணுக் கருவிகளுக்கு ஏ. எஸ். ராவ் என்றிவ்வாறு தெரிந்த ஆளிடமே தெரிந்த வினை ஒப்படைக்கப்பட்டது. ராவின் பகுதியில் விளைந்த பயிற்சியே பின்னர் 1967 இல் ஐதராபாத்தில் ஒரு பெருந் தொழிற்சாலை தோன்றக் காரணமாயிற்று.

ஆயினும், ஆயிரக்கணக்கானோர் வேண்டப்படும் நிலையத்துக்கு ஒருவர் ஒருவராகத் தேடிச் சேர்த்தல் எங்ஙனம் போதும்? இவ்விடர்ப்பாட்டுக்குப் பாபா கண்ட பரிகாரம் 1957 இல் துறொம்பேயில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியாம். பல்கலைக் கழகங்களிலிருந்து வெளிவரும் பட்டதாரிகளைத் தெரிந்து, ஓராண்டு உதவிப்பணம் அளித்துக் கற்பித்தனர். பௌதிகம் பயின்றவன் எந்திரவியலையும், எந்திரவியல் பயின்றவன் பௌதிகத்தையும் ஓரளவேனும் அறிதல் வேண்டும் என்பது அங்குள்ள நியதி. பயிற்சியிற் தேறியோர்க்கு உத்தியோகம் உறுதி. கற்பித்தோரும் அந்நிலையத்து விஞ்ஞானிகளே. ஆதலால் மாணவன் உத்தியோகம் ஏற்கும் முன்னரே தன் வருங்கால மேலாளரை அறிந்திருப்பான். மேலாளரும் அவன் திறத்தை ஓராண்டு அருகிருந்து நோக்கியிருப்பர். அரைமணி நேர நேர்முகப் பரீட்சையில் அறிய முடியாததை ஓராண்டுப் பழக்கம் அறிவித்துவிடும் அன்றோ?

பாபாவின் நிருவாகச் சீர்திருத்தங்களுள் நீடித்த பயன் விளைத்தது பதவி உயர்வு பற்றியதாகும். அரசாங்கச் சேவையிலே பொதுவாக மேலுள்ள ஒருவர் ஓய்வுபெற்றாலன்றி, அல்லது வேறிடம் மாறினாலன்றிக் கீழுள்ளவர் உயர இயலாது. மூப்பு முறையே அங்கே துலாக்கோல். இதனால் இருவகைக் கேடுகள் விளையும். திறமைமிக்க இளைஞன் வெற்றிடம் நோக்கி ஏங்கி, ஈற்றிலே பிறநாடு செல்வான். உயர்வு பெற்றவனோ தனக்குரிய ஆராய்ச்சி மேசையை விட்டுக் கோப்புகளுக்கு ஒப்பமிடும் மேசைக்குப் போவான். நாடு நல்ல விஞ்ஞானி ஒருவனை இழந்து சாதாரண நிருவாகி ஒருவனைப் பெறும். பாபாவோ, ஒருவர் செய்த வேலையைக் காலந்தோறும் அறிஞர் குழுவொன்று ஆராய்ந்து, அவர் தகுதியுடையவரெனக் கண்டால், வெற்றிடம் உண்டோ இல்லையோ என்று பாராது, அவரது பதவியையே மேல்நிலைக்கு உயர்த்தும் முறையைக் கொணர்ந்தார். அவர் இருந்த இடத்தில் இருந்துகொண்டே, செய்த வேலையைச் செய்துகொண்டே உயரலாம். ஏணியின் மேற்படியில் இருப்பவர் இறங்குமளவும் கீழ்ப்படியிற் காத்திருக்க வேண்டியதில்லை. பின்னாளில் இந்திய அரசாங்கத்தின் வேறு விஞ்ஞானத் துறைகளும் இதனையொத்த முறைகளைக் கைக்கொண்டன.

மனிதர் நன்கு தொழில் செய்வதற்குச் சம்பளம் மட்டும் போதாது; சூழலும் வேண்டும் என்பதை ஓவியரான பாபா மறந்தாரல்லர். அரபிக் கடலோரத்திலே கொலாபாவில் டாட்டா நிலையத்துக்கெனக் கட்டப்பட்ட எழில்மிகு மனையை நேரு 1962 ஆம் ஆண்டு சனவரியிலே திறந்துவைத்தார். அதன் கூடங்களில் இந்திய ஓவியர்களின் படைப்புகள் இடம்பெற்றன. சுற்றிலும் புல்வெளியும் பூஞ்சோலையும் அமைந்தன. வெட்டப்படவிருந்த முதிய மரங்களை வேரோடு பெயர்த்தெடுத்து நட்டுக் காத்தார் என்பதும் அவரைப் பற்றிய செய்திகளுள் ஒன்று. மரத்தையும் வீணாக்க விரும்பாத ஒருவர் மனிதரை வீணாக்க விரும்பாதது வியப்பன்று.

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தையும் நோக்காது விடுதல் நடுநிலைமையாகாது. கல்கத்தாப் பேரறிஞர் மேகநாத சாகா, ஆராய்ச்சியும் பொருளும் ஓரிடத்தில், ஒருவர் கையிற் குவிதல் தகாது என்றும், பல்கலைக் கழகங்களிலேயே ஆராய்ச்சி வளரவேண்டும் என்றும் வாதிட்டார். அவ்வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. பட்நாகரின் ஆய்வுகூடங்கள் ஆசிரியரைக் கவர்ந்தன எனின், பாபாவின் நிலையங்கள் மாணவரைக் கவர்ந்தன. மிகச் சிறந்த இளைஞர் துறொம்பே நோக்கிச் செல்லப் பல்கலைக் கழகங்கள் மெலிந்தன என்னும் குறை பின்னரும் பல்லாண்டு கேட்கப்பட்டது. அணுசக்திச் சட்டங்கள் விரித்த இரகசியத் திரையினால் அத்துறையின் செலவும் செயலும் வெளியாரது ஆராய்வுக்கு எளிதில் எட்டாதிருந்தன. அணு மின்சாரம் பற்றி அவர் கூறிய எதிர்பார்ப்புகள் பலவும் அவர் குறித்த காலத்தில் நிறைவேறவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி மனத்தை மேலும் உறுத்துவது. கணித அறிஞரும் வரலாற்று மேதையுமான டி. டி. கோசாம்பி, டாட்டா நிலையத்தின் தொடக்க காலந்தொட்டு அங்கே பணியாற்றியவர். பூனாவிலிருந்து புகைவண்டியிற் பம்பாய்க்கு வந்து போவார். பழைய நாணயங்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்து, இந்திய வரலாற்றைப் புதுக் கண்கொண்டு காணச் செய்தவர். இந்தியாவுக்கு ஏற்றது அணுச்சக்தியன்று, சூரிய வெப்பமே என்று வெளிப்படையாகப் பேசியவரும் அவரே. இருவருக்குமிடையே கருத்து வேற்றுமை வளர்ந்தது. 1962 இல் அவருடைய சேவைக்காலம் முடிந்தபோது அது நீட்டிக்கப்படவில்லை. அவர் ஆராய்ச்சி நிலையம் எதிர்பார்த்த துறையிலிருந்து விலகிற்று என்று ஒரு சாராரும், கருத்து மாறுபாடே காரணம் என்று மற்றொரு சாராரும் கூறுவர். எவ்வாறாயினும், இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை விளக்குகின்றது. விதிகளைக் குறைத்து, ஆளறியும் தலைவனின் மதிப்பீட்டிலே நம்பிக்கை வைக்கும் அமைப்பில், அம்மதிப்பீடு பிழைக்குமிடத்து முறையிடுவதற்கு வேறிடம் இல்லை. மூப்பு முறை திறமையைக் காணாத குருடாயினும், விருப்பு வெறுப்பையும் காணாத குருடாகும். பாபாவின் முறை கண்ணுடையது. கண்ணுடையதாதலின் அதற்குக் கண்ணோட்டமும் காய்தலும் உண்டு. ஆதலினாலேயே தனியொருவர் மதிப்பீட்டைப் பார்க்கிலும் அறிஞர் குழுவின் மதிப்பீடு சிறந்தது என்பது பெறப்படும்.

1966 ஆம் ஆண்டு சனவரி 7 ஆந் திகதி, சர்வதேச விஞ்ஞானச் சங்கங்களின் பேரவை பம்பாயிற் கூடியபோது பாபா ஒரு விரிவுரை நிகழ்த்தினார். தம் வாழ்நாள் அனுபவத்தின் சாரத்தையே அதில் வடித்துத் தந்தார் எனலாம். முன்கூட்டியே பதவிகளை வகுத்து ஆட்களைத் தேடும் முறையையும், கிடைத்த ஆட்களின் ஆற்றலுக்கேற்ப நிலையத்தை வளர்க்கும் முறையையும் ஒப்பிட்டார். விஞ்ஞான நிலையங்களுக்கு வேண்டிய நிருவாகம், வரி வசூலிக்கவும் அமைதி காக்கவும் அமைந்த நிருவாகத்தினும் வேறானது என்றும், அதனை விஞ்ஞானிகளே ஏற்று நடத்தல் வேண்டும் என்றும் விளக்கினார். பிறநாட்டு உதவியால் மட்டும் ஒரு நாடு முன்னேறாது. தன் மக்களின் அறிவை வளர்த்தாலே முன்னேறும் என்பது அவ்வுரையின் முடிபு.

அதற்குப் பதினேழாம் நாள், சனவரி 24 ஆந் திகதி, சர்வதேச அணுசக்தி நிறுவனத்தின் கூட்டத்துக்காக வியன்னா நோக்கி அவர் பயணஞ் செய்த விமானம் ஐரோப்பாவின் மோன் பிளாங் மலைச் சிகரத்தை அடுத்து மோதிச் சிதறியது. 117 பேர் மாண்டனர். பாபாவுக்கு அப்பொழுது வயது ஐம்பத்தாறு. லால் பகதூர் சாஸ்திரியை இழந்து இரு வாரங்களே ஆகியிருந்த பாரத நாடு, இந்திரா காந்தி பிரதம மந்திரியாகப் பதவியேற்ற அதே நாளில் இச்செய்தியையுங் கேட்டது. மணஞ்செய்யாது வாழ்ந்த பாபா, தாம் வளர்த்த நிலையங்களையே மக்களாக விட்டுச் சென்றார்.

ஒரு தலைவனுடைய ஆட்சிமுறை மெய்யாகச் சோதிக்கப்படுவது அவன் மறைந்த பின்னரே. எல்லாவற்றையும் தானே தாங்கி நின்றவன் வீழ்ந்தால் மண்டபமும் உடன் வீழும். பாபா வீழ்ந்தபோது மண்டபம் குலுங்கியது, ஆனால் வீழவில்லை. ஆணைக்குழுவின் தலைமையை விக்கிரம் சாராபாய் ஏற்றார். டாட்டா நிலையத்தின் பணிப்பாளர் பொறுப்பு, நாற்பது வயதும் நிரம்பாத எம். ஜி. கே. மேனனிடம் சென்றது. 1955 இற் பிறிஸ்டலிலிருந்து அவரை அழைத்து வந்தவர் பாபாவே. சேத்னாவும் ராமண்ணாவும் பின்னர் முறையே அணுசக்தி ஆணைக்குழுவுக்குத் தலைவராயினர். 1967 இல் துறொம்பே நிலையம் பாபாவின் பெயரைப் பெற்றது. பயிற்சிப் பள்ளி இடையறாது நடந்தது. பாபாவை நேரிற் காணாத இளைஞர் ஆயிரக்கணக்கில் அதன் வழியே வந்தனர்.

திருவள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தை முன்னும், தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தை அதன் பின்னும் வைத்தார். ஆளை ஆராய்ந்து தெளிவது முதற் செயல். தெளிந்தபின் வினையை அவனிடம் விடுவது இரண்டாஞ் செயல். இவ்வைப்பு முறை தற்செயலாய் அமைந்ததன்று. முன்னதைச் செய்யாது பின்னதைச் செய்தாற் காரியங் கெடும். முன்னதைச் செய்தும் பின்னதைச் செய்யாது ஐயுற்றுக்கொண்டே இருந்தால் மனிதன் கெடுவான். பாபா குறள் பயின்றவரோ அல்லரோ, அவர் தம் நிலையங்களை ஆண்ட முறை இவ்விரண்டு அதிகாரங்களுக்கும் இக்காலத்து உரையாய் அமைந்தது.

ஆய்வுகூடத்துக்கு உரிய இவ்வுண்மை பாடசாலைக்கும் உரியதே. ஓராண்டின் வெற்றிடங்களை நிரப்பிவிட்டோம் என்று அறிக்கை எழுதுதல் எளிது. நிரப்பப்பட்ட ஆசனங்களின் எதிரே முப்பதாண்டுகள் மாணவர் அமர்ந்திருப்பர் என்பதை எண்ணுதல் அரிது. கட்டிடங்கள் பழுதானால் ஓரிரு ஆண்டுகளிற் திருத்திவிடலாம். தகாதாரை அமர்த்தியதனால் வந்த பழுதைத் திருத்த ஒரு தலைமுறை வேண்டும். பாபாவின் வாழ்க்கை நமக்கு அறிவுறுத்துவது இதுவேயாம்.